10 மேட்ச், 111 மேட்ச்: வால்டர் டல்லின் தடத்தில் எட்டு நாள்

முதல் நாள், ஃபோக்ஸ்டன்

லண்டன் செயின்ட் பான்க்ரஸில் அதிவேக ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஃபோக்ஸ்டன். கென்ட் பகுதியின் கடலோர ஊர். வானம் தெளிவாக இருந்தால் எதிரே பிரான்ஸின் கரை தெரியுமாம், இன்று காலை ஒரே மூடுபனி, கடலே பாதிதான் தெரிந்தது.

வால்டர் டல் என்ற கால்பந்து வீரருக்காகத்தான் இங்கே வந்தேன். 1888 ஏப்ரல் 28 அன்று இந்த ஊரில் அலண்டேல் தெருவில் பிறந்தவர். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் ஆடிய தொடக்ககாலக் கறுப்பின வீரர்களில் ஒருவர். முதல் உலகப் போரில் அதிகாரியாகி 29 வயதில் இறந்துபோனார். அவர் பெயரைத் தேடிப் பார்த்தால் ராணுவச் சீருடைப் படம்தான் முதலில் வருகிறது, எழுதுபவர்களும் போரைத்தான் விரிவாக எழுதுகிறார்கள். பந்தாட்டம் ஏதோ அதற்கு முன்னுரை மாதிரி நாலு வரியில் முடிந்துவிடும். எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவருடைய தொழில் கால்பந்து, 1909 முதல் 1914 வரை அதில்தான் வாரச் சம்பளம் வாங்கிப் பிழைத்தார். அந்த ஐந்து வருடம் நடந்த இடங்களை நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

நேற்று ராத்திரி ஈஸ்ட் ஹாமில் அக்கா வீட்டில் இதைச் சொன்னபோது, "யாருடா அது, இத்தனை வருஷம் இங்கேயே இருக்கேன், நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றாள். சாப்பிட்டுக்கொண்டே முழுக் கதையும் சொன்னேன். முடித்தபோது, "அம்மாவும் அப்பாவும் போனப்ப அவனுக்கு எத்தனை வயசு?" என்று அதை மட்டும் திரும்பக் கேட்டாள்.

அம்மா ஆலிஸ் பாமர் பக்கத்திலிருக்கும் ஹௌகம் என்ற கிராமத்துப் பெண். அப்பா டேனியல் டல் பார்படோஸ் தீவிலிருந்து 1876இல் இங்கே வந்து இறங்கிய தச்சர். டேனியலின் அப்பா அந்தத் தீவில் அடிமையாக இருந்தவர், அதாவது அடிமைத்தனத்துக்கும் வால்டருக்கும் நடுவே ஒரே ஒரு தலைமுறைதான். 1895இல் அம்மா புற்றுநோயில் இறந்தார். அப்பா ஆலிஸின் உறவுக்காரப் பெண்ணான கிளாராவைக் கல்யாணம் செய்துகொண்டார், அவர்களுக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. 1897 டிசம்பரில் அப்பாவும் போய்விட்டார். கையில் காசில்லாமல், தான் பெறாத பிள்ளைகளோடு ஒரு இளம் பெண் தனியாக நிற்கிறாள். எல்லோருக்கும் சோறு போட அவளால் முடியவில்லை. 1898 பிப்ரவரியில் வால்டரும் அண்ணன் எட்வர்டும் லண்டனில் மெதடிஸ்ட் சபை நடத்திய அநாதை இல்லத்துக்கு அனுப்பப்பட்டார்கள். வால்டருக்கு அப்போது 9 வயது.

அலண்டேல் தெருவில் கொஞ்ச நேரம் நின்றேன். சின்னத் தெரு, வேலைக்குப் போகிறவர்கள் வசிக்கிற வீடுகள். அப்புறம் கடலைப் பார்த்த மேட்டில் 'லீஸ்' என்று சொல்லும் புல்வெளி நடைபாதைக்கு ஏறினேன். ஊரின் போர் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. பெண் உருவம் ஒன்று, 1922இல் வைத்தது. அதிலுள்ள பெயர்களில் அவர் பெயரும் உண்டு. கீழே தெரிந்த துறைமுகம் வழியாகத்தான் அந்தப் போரில் லட்சக்கணக்கான ஆட்கள் பிரான்ஸுக்குக் கப்பல் ஏறினார்கள். மத்தியானம் துறைமுகத்தில் மீனும் சிப்ஸும் சாப்பிட்டுவிட்டு ரயிலுக்குத் திரும்பினேன்.

2ஆம் நாள், பெத்னல் கிரீன், ஃபாரஸ்ட் கேட்

அநாதை இல்லம் இருந்தது பெத்னல் கிரீனில், போனர் சாலையில், விக்டோரியா பார்க்குக்குப் பக்கத்தில். தாமஸ் போமன் ஸ்டீபன்சன் என்ற பாதிரியார் 1869இல் தொடங்கிய இல்லம் அது, இரண்டு வருடத்தில் இங்கே இடம் மாறியது. இப்போது அந்த இல்லம் இங்கே இல்லை. பார்க்கில் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தபடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வந்து மூன்று வருடம் கூட அண்ணன் தம்பி சேர்ந்திருக்கவில்லை. இல்லத்துப் பையன்களின் பாடகர் குழு நிதி திரட்ட ஊர் ஊராகப் போகும். அப்படி கிளாஸ்கோ போன இடத்தில் வார்னாக் என்ற குடும்பத்துக்கு எட்வர்டைப் பிடித்துப்போய் 1900இல் தத்தெடுத்துக்கொண்டார்கள். அவர் படித்துப் பல் மருத்துவர் ஆனார், பிரிட்டனில் பல் மருத்துவரான முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர். வால்டர் இங்கேயே தங்கிவிட்டார். அச்சுத் தொழில் கற்றார், இல்லத்து அணியில் பந்து ஆடினார். எழுத்துக் கோக்கப் பழகிய அந்தக் கைகளைப் பற்றி நினைத்துக்கொண்டே மத்தியானம் ஃபாரஸ்ட் கேட்டுக்கு பஸ் ஏறினேன்.

ஃபாரஸ்ட் கேட் எனக்குப் பழகிய பகுதி. அக்கா வீட்டிலிருந்து நடந்தே போகலாம், எத்தனையோ தடவை அப்டன் லேன் வழியாகப் போயிருக்கிறேன். அந்தச் சாலையை ஒட்டி ஓல்ட் ஸ்பாட்டட் டாக் மைதானம் இருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறதே என்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது. கிளாப்டன் அணி 1888 முதல் ஆடிய இடம். வால்டர் பிறந்த அதே வருடம். லண்டனில் இன்னும் உயிரோடு இருக்கிற மிகப் பழைய கால்பந்து மைதானங்களில் இது ஒன்று, 2020இல் கிளாப்டன் கம்யூனிட்டி கிளப்பின் உறுப்பினர்கள் சேர்ந்து இதை விலைக்கே வாங்கிவிட்டார்கள்.

1908இல் 20 வயதுப் பையன் இங்கே வந்து சேர்கிறார். கிளாப்டன் அமெச்சூர் அணி, அதாவது சம்பளம் கிடையாது, ஆனால் சாதாரண அணியும் இல்லை. அந்த ஒரே சீசனில் எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பை, லண்டன் சீனியர் கோப்பை, லண்டன் கவுண்டி அமெச்சூர் கோப்பை மூன்றையும் ஜெயித்தார்கள். அமெச்சூர் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஈஸ்டன் யுனைடெட்டை 6–0 என்று அடித்தார்கள். அந்த சீசனில் கிடைத்த முத்து இவர்தான் என்கிற மாதிரி 1909 மார்ச்சில் ஒரு விளையாட்டுப் பத்திரிகை எழுதியது. அநாதை இல்லத்து அணியிலிருந்து இங்கே வர ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கேட் பூட்டியிருந்தது. கம்பி இடுக்கு வழியாகப் புல்லைப் பார்த்துவிட்டு வந்தேன்.

3ஆம் நாள், டாட்டன்ஹாம்

ஓவர்கிரவுண்டில் ஒயிட் ஹார்ட் லேன் ஸ்டேஷனில் இறங்கி நாலு நிமிடம் நடந்தால் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பரின் புது ஸ்டேடியம் கண்ணை நிறைக்கிறது. 2019இல் திறந்தது. பழைய மைதானம் இருந்த அதே இடத்தில்தான் கட்டியிருக்கிறார்கள், அதனால் கண்ணை மூடிக்கொண்டு 1909ஐ நினைக்க முடிந்தது.

1909 கோடையில் ஸ்பர்ஸ் (டாட்டன்ஹாம் அணியைச் சுருக்கமாக அப்படித்தான் சொல்வார்கள்) எவர்டன் அணியோடு கப்பலில் அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் போய் ஆடியது. வால்டரும் கூடப் போனார். திரும்பி வந்ததும் ஜூலையில் அவரைத் தொழில்முறை வீரராக எடுத்துக்கொண்டார்கள். கையெழுத்துப் பணம் 10 பவுண்டு, வாரச் சம்பளம் 4 பவுண்டு. இது ஸ்பர்ஸ் கஞ்சத்தனம் பண்ணிய தொகை இல்லை, அன்றைய சட்டம் அனுமதித்த உச்சம் அதுதான். 1901 முதல் எந்த வீரருக்கும் வாரம் 4 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். கூடவே இன்னொரு கட்டும் இருந்தது. வீரரின் பதிவு கிளப்பின் கையில் இருக்கும், ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடாமல் அவர் இன்னொரு லீக் அணிக்குப் போக முடியாது. ஆட வைக்காமல் உட்கார வைத்தாலும் சரி, உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இது ஞாபகத்தில் இருக்கட்டும், பின்னால் வரும்.

ஸ்பர்ஸ் அப்போதுதான் முதல் டிவிஷனுக்கு ஏறியிருந்தது. செப்டம்பர் 1, சண்டர்லண்டில் வால்டரின் முதல் லீக் ஆட்டம், தோல்வி. செப்டம்பர் 11, இங்கே, இதே இடத்தில், முதல் உள்ளூர் ஆட்டம், எதிரணி மான்செஸ்டர் யுனைடெட். அந்த வருட எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்தவர்கள், வீரர்கள் சங்கத்தை விட்டு விலக மாட்டோம் என்று கிளப்புகளை எதிர்த்து அந்தக் கோடை முழுக்க மல்லுக்கட்டி நின்றவர்களும் அவர்களே. ஆர்ச்சிபால்ட் லீச் வடிவமைத்த புது மேற்கு ஸ்டாண்டும் அன்றுதான் திறந்தது. 30 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். வால்டர் இன்சைட் ஃபார்வர்டு, அதாவது நடு ஃபார்வர்டுக்குப் பக்கத்தில் ஆடும் தாக்குதல் வீரர். அவரை விழத் தட்டியதில் ஸ்பர்ஸுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, ஆட்டம் 2–2. கொஞ்ச நாளில் பிராட்ஃபோர்ட் சிட்டிக்கு எதிராக முதல் கோலும் வந்தது.

நானும் சின்ன அளவில் மிட்ஃபீல்டில் ஆடியவன்தான், புது அணியில் முதல் ஆட்டத்தில் பந்து காலுக்கு வரும்வரை வயிறு எப்படிப் பிசையும் என்று தெரியும். 30 ஆயிரம் பேர் நடுவே, மைதானத்தில் தன் நிறத்தில் இன்னொருவர் இல்லாமல், 21 வயதில், அம்மா அப்பா பார்க்க வராமல். அதை யோசித்துக்கொண்டே ஸ்டேடியத்தைச் சுற்றி வந்தேன்.

பக்கவாட்டில் பிரியும் நார்தம்பர்லண்ட் பார்க் சாலையில் அவர் தங்கியிருந்த இடத்தில் நீல வட்டப் பலகை இருக்கிறது. மைதானத்துக்கு அவர் நடந்தே போயிருப்பார். நான் நடந்து பார்த்தேன், உண்மையிலேயே கொஞ்ச தூரம்தான். 1911 வரை முதல் அணியில் பெயர் இல்லாத வாரங்களிலும் அந்தக் கூட்டத்தின் சத்தம் அவர் அறைக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும்.

4ஆம் நாள், பிரிஸ்டல்

இன்றைய நாளை எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, நேரம் எடுத்து எழுதுகிறேன்.

பாடிங்டனிலிருந்து காலை ரயில். பிரிஸ்டலில் இறங்கி நேராக மைதானத்துக்குப் போகாமல் துறைமுகக் கரையில் உள்ள எம் ஷெட் அருங்காட்சியகத்துக்குப் போனேன். எட்வர்ட் கோல்ஸ்டனின் வெண்கலச் சிலை அங்கே மல்லாந்து படுத்திருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி விற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் பெரிய தலைகளில் ஒருவர் இவர். 1895இல் ஊர் நடுவில் சிலை வைத்தார்கள். 2020 ஜூன் 7 அன்று மக்கள் கயிறு கட்டி இழுத்துப்போட்டுத் துறைமுகத்துத் தண்ணீரில் தள்ளினார்கள். நகராட்சி வெளியே எடுத்து, மேலே அடித்த பெயின்ட்டைக் கூடத் துடைக்காமல், அப்படியே வைத்திருக்கிறது.

1895. ஃபோக்ஸ்டனில் ஆலிஸ் டல் இறந்த வருடம். அடிமையின் பேரன் ஏழு வயதில் தாயை இழந்த அதே வருடத்தில்தான் இந்த ஊர் அடிமை வியாபாரிக்குச் சிலை எடுத்திருக்கிறது. பார்படோஸ் போன்ற தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய், திரும்பும்போது சர்க்கரை ஏற்றி வந்த கப்பல்களால் பணக்கார ஊரானது பிரிஸ்டல். வால்டரின் தாத்தாவின் குடும்பத்தை எந்த ஊர்க் கப்பல் அந்தத் தீவுக்குக் கொண்டுபோனது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அப்படிப்பட்ட வியாபாரத்தின் பணம் இங்கே வந்து சேர்ந்தது.

அங்கிருந்து தண்ணீரை ஒட்டி மேற்கே நடந்தால் முக்கால் மணி நேரத்தில் ஆஷ்டன் கேட். பிரிஸ்டல் சிட்டி 1904 முதல் ஆடும் மைதானம். 1909 அக்டோபர் 2 அன்று ஸ்பர்ஸ் இங்கே ஆட வந்தது. சிட்டியும் அப்போது நல்ல அணி, அந்த வருடக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போய் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றவர்கள்.

அன்று பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் ஆட்டம் முழுக்க வால்டரைக் குறிவைத்துக் கத்தினார்கள். அவர் நிறத்தைச் சொல்லி. பந்து காலுக்கு வரும்போதெல்லாம். 'ஃபுட்பால் ஸ்டார்' பத்திரிகையின் நிருபர் அதைச் சும்மா விடவில்லை. லண்டன் மீன் சந்தையில் பேசுவதைவிடக் கேவலமான பேச்சு அது, கோழைத்தனமான தாக்குதல் என்று எழுதினார். 20 ஆயிரத்தை நெருங்கிய கூட்டத்தில் கத்தியவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதையும் சேர்த்து எழுதினார், அவர் நேர்மையானவர். மனத்திலும் ஆட்டத்திலும் இவ்வளவு சுத்தமான டல், பந்து ஆடுகிற வெள்ளைக்காரர்கள் எல்லோருக்கும் முன்மாதிரி, அன்று களத்தில் இருந்த ஃபார்வர்டுகளில் திறமையில் சிறந்தவரும் அவரே என்பது அவர் எழுதியதன் சாரம்.

ஒரு வீரரைப் பற்றி இப்படி ஒரு பத்திரிகை எழுதினால் அடுத்த வாரம் என்ன நடக்க வேண்டும்? அணி அவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடந்தது வேறு. கொஞ்ச நாளில் அவர் முதல் அணியிலிருந்து நழுவி ரிசர்வ் அணிக்குப் போய்விட்டார். ஸ்பர்ஸுக்கு அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தமே 10, கோல் 2. அடுத்த சீசன் கிட்டத்தட்ட முழுவதும் ரிசர்வில்தான். பதிவு கிளப்பின் கையில், அவராக வேறு லீக் அணிக்குப் போகவும் முடியாது. திட்டியவர்கள் இங்கே கத்திவிட்டு வீட்டுக்குப் போய் டீ குடித்திருப்பார்கள். விலை கொடுத்தது ஆடியவர். ஏன் அவரை ஒதுக்கினார்கள் என்பதற்குக் காரணம் பலவிதமாகச் சொல்கிறார்கள், அணிக்குள் போட்டி இருந்தது, காயம், ஃபார்ம் என்றெல்லாம். என்னை ஒரு விஷயம்தான் அரிக்கிறது: பத்திரிகைக்காரர் ஒருவர் எழுந்து நின்று பேசினார், கிளப் எழுந்து நின்றதாக ஒரு வரிகூட நான் படித்ததில்லை.

ஸ்டேடியத்தின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு பையன் அப்பாவோடு பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். ராத்திரி ரயில் 1 மணி நேரம் தாமதம், ஏன் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அக்கா எனக்காக ரசம் சூடு பண்ணி வைத்துக் காத்திருந்தாள்.

5ஆம் நாள்

மழை. எங்கேயும் போகவில்லை. துணி துவைத்தேன், நாலாம் நாளை எழுதி முடித்தேன்.

6ஆம் நாள், நார்தாம்ப்டன்

யூஸ்டனிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். இந்தப் பயணத்தில் நான் அதிகம் எதிர்பார்த்த ஊர் இதுதான், ஏமாற்றவில்லை.

காலணி செய்து வளர்ந்த ஊர். அதனால்தான் நார்தாம்ப்டன் டவுன் அணிக்கு 'கோப்ளர்ஸ்', அதாவது செருப்புத் தைக்கிறவர்கள், என்று பட்டப் பெயர். 1907இல் ஹெர்பர்ட் சாப்மன் இங்கே மேனேஜராக வந்தார், தானும் ஆடிக்கொண்டே. அவர் அதற்கு முன் ஸ்பர்ஸுக்கு ஆடியவர். பெரும்பாலும் தென் இங்கிலாந்து அணிகள் ஆடிய சதர்ன் லீக்கில் கடைசியில் கிடந்த அணியை இரண்டே சீசனில், 1909இல், சாம்பியன் ஆக்கினார். பிற்காலத்தில் ஹட்டர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் தூக்கி நிறுத்தப்போகிற அதே சாப்மன். ஒரு வீரரை எந்த இடத்தில் நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்று பார்க்கிற கண் அவருக்கு இருந்தது. ஸ்பர்ஸின் ரிசர்வில் கிடந்த வால்டர் மேல் அந்தக் கண் பட்டது. 1911 அக்டோபரில் நல்ல தொகை கொடுத்து, கூடவே சார்லி பிரிட்டன் என்ற வீரரையும் ஸ்பர்ஸுக்கு அனுப்பி, இவரை வாங்கினார்.

முதல் டிவிஷனிலிருந்து சதர்ன் லீக்குக்கு வந்ததால் இதைச் சரிவு என்று பலர் எழுதுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சதர்ன் லீக் அன்று சின்ன இடம் இல்லை, ஸ்பர்ஸே 1901இல் எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்தபோது சதர்ன் லீக் அணிதான். வால்டருக்கு இங்கே கிடைத்தது வாரா வாரம் களம். ஆட்டக்காரனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்.

ஆரம்பத்தில் ஃபார்வர்டாகவே ஆடினார். பிரிஸ்டல் ரோவர்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டார். (அது வேறு கிளப், ஆனாலும் பிரிஸ்டல் என்ற பெயரைப் படித்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம், மறைக்க மாட்டேன்.) பிறகு ஹாஃப் பேக்காகப் பின்னால் இறக்கினார்கள். அந்தக் காலத்து ஆட்டத்தில் கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டு ஃபுல் பேக், மூன்று ஹாஃப் பேக், ஐந்து ஃபார்வர்டு. நடுவில் இருக்கிற அந்த மூன்று பேர்தான் ஆட்டத்தின் முதுகெலும்பு. ஓரத்து ஹாஃப் பேக் எதிரணியின் இன்சைட் ஃபார்வர்டை மறிக்க வேண்டும், பந்தைப் பறித்ததும் தன் ஃபார்வர்டுக்கு அளந்து கொடுக்க வேண்டும், உடனே திரும்பி ஓட வேண்டும். மாற்று ஆட்டக்காரர் என்பதே கிடையாது, இங்கிலாந்து லீக்கில் அது வர 1965 ஆனது. அடிபட்டாலும் நொண்டிக்கொண்டே 90 நிமிடம். சேற்றில் ஊறிக் கனத்த தோல் பந்து, கணுக்கால் வரை ஏறும் தோல் பூட்ஸ். நார்தாம்ப்டனுக்காக வால்டர் இப்படி ஆடியது 111 ஆட்டம், கோல் 9. அந்த எண்ணைச் சும்மா படித்துவிட்டுக் கடந்துவிட முடியாது. ஒவ்வொன்றும் முழு ஆட்டம். சாப்மன் 1912இல் லீட்ஸ் சிட்டிக்குப் போனபிறகும் வால்டரின் இடம் அசையவில்லை, தன்னைக் கொண்டுவந்தவர் போனபின்னும் நிலைத்தார் என்றால் ஆட்டத்தின் பலத்தில்தான்.

முதலில் அபிங்டன் அவென்யூவில் உள்ள கவுண்டி மைதானத்துக்குப் போனேன். கிரிக்கெட் மைதானம் அது, அதன் ஒரு ஓரத்தைத்தான் கால்பந்து அணி பயன்படுத்தியது. கிரிக்கெட் பிட்ச் இருந்ததால் நான்காவது பக்கத்தில் ஸ்டாண்டே கிடையாது. 1994 வரை அப்படியே ஆடினார்கள். இப்போது கிரிக்கெட் மட்டும்தான். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கால்பந்து எந்தப் பக்கம் நடந்தது என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். சின்ன வயதில் அவருடைய அப்பா தோளில் தூக்கிவைத்து இங்கே ஆட்டம் காட்டினாராம். நான் வால்டர் டல்லுக்காக வந்தேன் என்றதும் அவர் முகம் மாறியது. "எங்கள் ஆள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்தது.

ஊர் நடுவே கில்டுஹால் முற்றத்தில் வால்டருக்குச் சிலை இருக்கிறது. அங்கிருந்து பஸ்ஸில் சிக்ஸ்ஃபீல்ட்ஸ், அணியின் இப்போதைய ஸ்டேடியம். அதை ஒட்டிய சாலைக்கே வால்டர் டல் வே என்று பெயர். 1999 ஜூலையில் திறந்த நினைவுச் சுவர் அங்கே நிற்கிறது. அதில் செதுக்கிய வாசகத்தின் கடைசிப் பகுதியை இரண்டு தடவை படித்தேன், இளம் வயதில் மூச்சு நின்றுபோனாலும் அந்த இதயம் இன்னும் பலமாக அடித்துக்கொண்டிருக்கிறது என்ற பொருளில் வரும். இன்று ஆட்டம் இல்லை, கார் நிறுத்துமிடம் காலி. சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அக்கா கட்டிக்கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டேன்.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. கால்பந்து உடனே நிற்கவில்லை, ஊர் இளைஞர்கள் சாகும்போது இவர்கள் பந்து உதைக்கிறார்களே என்று வசை வந்தது. டிசம்பரில் கால்பந்து வீரர்களுக்கென்றே மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டில் 17ஆவது பட்டாலியனை உருவாக்கினார்கள். டிசம்பர் 21 அன்று வால்டர் சேர்ந்தார், நார்தாம்ப்டன் வீரர்களில் முதல் ஆள். 26 வயது. ஒரு ஹாஃப் பேக்குக்கு நல்ல ஆட்டம் இனிமேல்தான்.

7ஆம் நாள், அராஸ்

லண்டனிலிருந்து யூரோஸ்டாரில் லீல், அங்கே மாறி அராஸ். வரும் வழியில் கடலுக்கு அடியில் போகிற சுரங்கத்தின் வாய் ஃபோக்ஸ்டனுக்குப் பக்கத்தில்தான், முதல் நாள் நின்ற ஊர் ஜன்னலில் ஒரு நொடி. அராஸின் சதுக்கங்கள் அழகு, போரில் நொறுங்கியதைப் பழையபடியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். காலெல்லாம் வலி, சீக்கிரம் படுத்துவிட்டேன்.

8ஆம் நாள், ஃபாவ்ரோய், திரும்ப அராஸ்

காலையில் டாக்ஸி பிடித்து பாபோம் பக்கத்திலுள்ள ஃபாவ்ரோய் என்ற கிராமத்துக்குப் போனேன். தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். மரமே இல்லாத விரிந்த வயல்கள், ஒரு டிராக்டர், ஒரு சர்ச் கோபுரம். வண்டிக்காரர் எதற்காக என்று கேட்டார், பெயரைச் சொன்னேன், தலையாட்டினார்.

போரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1915 நவம்பரில் பிரான்ஸ் வந்தார், சார்ஜென்ட் ஆனார். 1916 மே மாதத்தில் குண்டு வீச்சின் அதிர்ச்சியில் மனம் கலங்கி ஊருக்கு அனுப்பப்பட்டார். செப்டம்பரில் திரும்ப வந்து சோம் போரில் நின்றார். பிறகு அதிகாரிப் பயிற்சிக்கு ஸ்காட்லாந்து அனுப்பினார்கள். கறுப்பினத்தவருக்குப் படையை நடத்தும் அதிகாரம் கூடாது என்று 1914இன் ராணுவச் சட்டக் கையேடு சொல்லியிருந்தது, அதையும் மீறி 1917 மே 30 அன்று செகண்ட் லெஃப்டினன்ட் ஆனார். இத்தாலியில் 1918 புத்தாண்டு நாளில் 26 பேரைக் கூட்டிக்கொண்டு பியாவே நதியைக் கடந்து, ஒருவரையும் இழக்காமல் திரும்பினார். பதற்றமில்லாத அவருடைய துணிச்சலை ஜெனரல் எழுத்தில் பாராட்டினார். மறித்து, பறித்து, எல்லோரையும் திரும்பக் கூட்டிவந்தார், அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஹாஃப் பேக்தான் ஞாபகம் வருகிறார்.

1918 மார்ச் 25 அன்று, ஜெர்மானியர்களின் பெரிய தாக்குதலில் பின்வாங்கும்போது, இந்த வயல்களில் எங்கோ, குண்டு பட்டு விழுந்தார். லெஸ்டர் ஃபாஸின் முன்னாள் கோல்கீப்பர் டாம் பில்லிங்ஹாம் என்ற சிப்பாய் அவர் உடலைத் தூக்கிவர முயன்றார். குண்டு மழையில் முடியவில்லை, விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. ஒரு கோல்கீப்பர், ஒரு ஹாஃப் பேக். உடல் அடையாளம் காணப்படவில்லை. மிலிட்டரி கிராஸுக்குப் பரிந்துரைத்திருந்தார்கள் என்று சக அதிகாரி எட்வர்டுக்குக் கடிதம் எழுதினார், எனக்கு ஒரு நண்பன் போய்விட்டான் என்றும் எழுதினார். அந்தப் பதக்கம் இன்றுவரை வரவில்லை.

வயலோரத்தில் 20 நிமிடம் நின்றேன். காற்று மட்டும்.

மத்தியானம் அராஸ் திரும்பி, கோட்டைக்குப் பக்கத்திலுள்ள நினைவுச் சின்னத்துக்குப் போனேன். கல்லறை கிடைக்காத கிட்டத்தட்ட 35 ஆயிரம் பேரின் பெயர்கள் கல்லில். லட்யன்ஸ் வடிவமைத்தது, 1932இல் திறந்தது. 7ஆம் பிரிவில் மிடில்செக்ஸ் ரெஜிமென்ட், அதில் செகண்ட் லெஃப்டினன்ட்கள், அகர வரிசையில் கீழே இறங்கி வந்தால் டல். விரலால் தொட்டேன், கல் சில்லென்று இருந்தது. யார் யாரோ வைத்த சின்னக் காகிதப் பூக்கள் கீழே.

சுவரில் ரெஜிமென்ட் இருக்கிறது, பதவி இருக்கிறது, பெயர் இருக்கிறது. அது அந்தச் சுவரின் கணக்கு, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் சுவருக்குள் ஒரு சின்ன உலோகக் கதவு, உள்ளே வந்தவர்கள் எழுதும் நோட்டு. தேதி போட்டு, என் பெயரையும் ஊரையும் எழுதினேன். குறிப்புக்கான இடத்தில் தமிழிலேயே எழுதினேன்:

வால்டர் டல். ஹாஃப் பேக், நார்தாம்ப்டன் டவுன். 111 ஆட்டம்.